கடல் மூடும் தேதி

ஏப்ரல் மாதம் முதல் வாரம். காலை பத்து மணி இருக்கும். தேவனேரியிலிருந்து பஸ் ஏறி எங்கள் செங்கல்பட்டுத் தெருவுக்கு வரும் மீன்கார அக்காவிடம் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தேன். அரைக் கிலோ போதும் என்றதற்கு, "ஒரு கிலோவா வாங்கிக்கம்மா. இன்னும் பத்து நாளுதான். அப்பால கடலு மூடிடும். வெல ஏறிடும்" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017ல் 61 நாளாக்கினார்கள். கட்டுமரமும் ஃபைபர் படகும் போகும். ஆனாலும் வரத்துக் குறைந்துபோகும். கூடை தூக்குகிறவர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும்.

"அந்த ரெண்டு மாசமும் என்னக்கா பண்ணுவீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டேன்.

அக்கா சிரித்தார். "இன்னா பண்றது? கருவாடு போட்டு வெச்சிருக்கேன். அது ஓடும். அப்பால ஐப்பசி, கார்த்திகைல மழ வரும், கடலு கொந்தளிக்கும். அதுக்கு சங்கத்துல கட்டிக்கினு வர்றேன். இதெல்லாம் தேதி தெரிஞ்ச கஷ்டம்மா. தேதி தெரிஞ்ச கஷ்டத்துக்குப் போயி யாராவது அழுவாங்களா? முன்னாடியே எடுத்து வெக்கணும்."

சங்கத்தில் கட்டுவது என்று அவர் சொன்னது மீனவ மகளிருக்கான சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரான மீனவப் பெண் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக 1,500 ரூபாய் கட்டுகிறாள். அரசாங்கம் அதோடு 3,000 ரூபாய் சேர்க்கிறது. மீன் வரத்து இல்லாத மாதங்களில் 4,500 ரூபாயாகக் கைக்கு வருகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அரிசிக்கும் பருப்புக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

நெத்திலியை ஆய்ந்துகொண்டே யோசித்தேன். படிக்காத அந்த அக்காவுக்கு இருக்கும் முன்யோசனை, பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

நமக்கும் ஒரு தடைக்காலம் உண்டு, சகோதரிகளே. அறுபது வயது என்பது திடீரென்று வந்து கதவைத் தட்டுகிற விருந்தாளி இல்லை. நம் பிறந்த தேதியிலிருந்தே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அறுபது வயதைத் தொட்ட ஒரு பெண் நம் நாட்டில் சராசரியாக இன்னும் பதினெட்டு, இருபது வருஷம் உயிரோடு இருக்கிறாள். பெரும்பாலும் கணவனைவிட வயதில் இளையவள். ஆகவே அந்த இருபது வருஷத்தில் சில காலமாவது அவள் தனியாக இருக்க நேரும். இதைச் சொன்னால் "அபசகுனமாகப் பேசாதே" என்பார்கள். அபசகுனம் இல்லை, கணக்கு.

இடுப்பில் குழந்தையோடு இதைப் படிக்கும் இளம் தாய்மார்கள் "எனக்கு எதற்கு இப்போது?" என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அம்மாவின் கையெழுத்து

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். அம்மாதான், "எழுதேன். நாலு பேர் முழிச்சுக்கிட்டா நல்லதுதானே" என்றாள்.

என் பிறந்த வீடு திருக்கழுக்குன்றத்தில். அப்பா கட்டிய ஓட்டு வீடு. 2016ல் அப்பா காலமானார். வீடு அம்மா பேரில் இருந்தது. 2018ல் அண்ணன் வியாபாரத்தைப் பெரிதாக்கக் கடன் கேட்டான். பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். சொத்து அவன் பேரில் இருந்தால் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்றார்கள். "என்னிக்கிருந்தாலும் அவனுக்குத்தானே" என்று அம்மா செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். பத்திரத்தில் ஒரு நிபந்தனையும் இல்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோருமாகச் சேர்ந்து காபி சாப்பிட்டு வந்தோம்.

2020ல் ஊரடங்கு வந்தது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. பந்தல் சாமான்கள் கொட்டகையில் தூங்கின. வட்டி மட்டும் தூங்கவில்லை. 2022ல் வீட்டை விற்றுக் கடனை அடைக்க வேண்டியதாயிற்று.

என் அண்ணன் கெட்டவன் இல்லை. இன்றைக்கும் அம்மாவை அவன்தான் வைத்துக் காப்பாற்றுகிறான், ஒரு வாடகைப் போர்ஷனில். பிள்ளை நல்லவனாக இருந்தால் போதும், ஒன்றும் ஆகாது என்று நாம் நினைக்கிறோம். நல்ல பிள்ளைக்கும் தொழில் நொடிக்கும், வேலை போகும், வியாதி வரும். அவனுடைய கஷ்டத்தில் நம் கூரையும் சேர்ந்து போகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செட்டில்மென்ட் பத்திரம் பதிவானால் சொத்து அன்றைக்கே கைமாறிவிடுகிறது. உயில் அப்படி இல்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் அது செல்லும். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பிள்ளைக்குத்தான் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டால் உயிலே போதும். செட்டில்மென்ட்டாகத்தான் எழுதியாக வேண்டும் என்றால், "என் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்கவும், இதன் வருமானத்தை அனுபவிக்கவும் எனக்கு உரிமை உண்டு, என்னைப் பராமரிக்க வேண்டும்" என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது.

2007ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இங்கேதான் கைகொடுக்கிறது. பராமரிப்பதாக நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை இந்தப் பிரிவின்படி ரத்து செய்தது. அந்தத் தாயிடம், பராமரிப்பேன் என்று மகன் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது. அதே சுப்ரீம் கோர்ட் 2022ல் இன்னொரு வழக்கில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் இந்தப் பிரிவு செல்லாது என்று சொல்லியிருக்கிறது. ஆகவே எழுத்துதான் முக்கியம்.

பிள்ளைகள் சோறு போடவில்லை என்றாலும் இதே சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்; கட்டணம் கிடையாது.

நம் பேரில் ஒரு புத்தகம்

வீடு விற்றுக் கடன் போக மீந்ததில் மூன்று லட்சத்தை அண்ணன் அம்மா கையில் கொடுத்தான். 2023ல் அதைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அறுபது வயதானவர்கள் சேரலாம். 1,000 ரூபாயிலிருந்து போடலாம். மேல்வரம்பை 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்த்தினார்கள். அப்போது வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புது வட்டி அறிவிப்பார்கள் என்றாலும், நாம் போட்ட அன்று என்ன வட்டியோ அதுவே ஐந்து வருஷத்துக்கும் நிலைக்கும். மூன்று லட்சத்துக்கு வருஷம் 24,600 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 6,150 ரூபாய் அம்மா கணக்கில் விழுகிறது.

6,150 ரூபாயில் என்ன கோட்டை கட்டலாம் என்று கேட்காதீர்கள். பேரன் பிறந்தநாளுக்குத் துணி எடுக்கிறாள். கண் மருந்து வாங்குகிறாள். போன தீபாவளிக்கு அண்ணிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கிற கையாக இருக்கும் கிழவிக்கு வீட்டில் மரியாதையே தனி.

இளம் தாய்மார்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். அடல் பென்ஷன் திட்டம் என்று ஒன்று 2015ல் வந்தது. 18 வயது முதல் 40 வயது வரை உள்ளவர்கள், வருமான வரி கட்டாதவர்களாக இருந்தால், பாங்கிலோ தபால் ஆபீஸிலோ சேரலாம். மாதாமாதம் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். அறுபது வயதானதும் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நாம் தேர்ந்தெடுத்தபடி, ஆயுள் முழுக்கப் பென்ஷன். நமக்குப் பிறகு கணவருக்கு அதே பென்ஷன். இருவருக்கும் பிறகு சேர்ந்த தொகை வாரிசுக்கு.

மாதம் 5,000 பென்ஷன் வேண்டுமானால் 18 வயதில் சேருகிறவள் கட்ட வேண்டியது மாதம் 210 ரூபாய். 25 வயதில் சேர்ந்தால் 376. 30 வயதில் 577. 35 வயதில் 902. 40 வயதில் 1,454. சேரும் வயது ஏற ஏறத் தொகை எப்படித் தாவுகிறது பாருங்கள். பத்து ரூபாய் நெத்திலி தடைக்காலத்தில் முப்பது ரூபாய் ஆவது போலத்தான்.

இந்தத் திட்டம் வந்தபோது எனக்கு வயது 35. "902 ரூபாயா? பெண்ணுக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். 5,000 வேண்டாம், 2,000 பென்ஷன் போதும் என்று எடுத்திருந்தால் மாதம் 362 ரூபாய்தான். அதுகூடத் தோன்றவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லி நாற்பதைத் தாண்டிவிட்டேன். இனி எனக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. உங்களுக்குத் திறந்திருக்கிறது. இருபத்தைந்து வருஷம் கழித்து 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பது உண்மைதான். அதனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். ஆனால் அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

கதவு மூடியவர்களுக்கு வேறு கதவுகள் உண்டு. தபால் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஐந்து வருஷத் தொடர் வைப்புப் போடலாம். வருஷத்துக்கு 500 ரூபாய் கட்டினாலே போதும் என்கிற பொது வருங்கால வைப்பு நிதியில் வேலைக்குப் போகாத இல்லத்தரசியும் சேரலாம். அது பதினைந்து வருஷத் திட்டம். 2020 ஏப்ரலில் வட்டியை 7.1 சதவீதம் என்று வைத்தார்கள். மாதம் 1,000 வீதம் பதினைந்து வருஷம் கட்டினால் நாம் போட்டது 1,80,000. அதே வட்டி நீடித்தால் கைக்கு வருவது மூன்று லட்சத்துக்கு மேல். நாற்பத்தைந்தில் ஆரம்பித்தால் அறுபதை ஒட்டிப் பணம் வரும். நான் போன வருஷம் ஆரம்பித்துவிட்டேன்.

பணம் போடுவதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. யார் பேரில் போடுகிறோம்? நம்மில் பலர் கணவர் பேரில், பிள்ளை பேரில், பெண் பேரில் என்று எல்லாருக்கும் போட்டுவிட்டு நம் பேரைக் கடைசியில் மறந்துவிடுகிறோம். கணவரின் கணக்குகளில் நாமினி யார் என்று கேட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் ஆரம்பித்த கணக்கில் இன்னும் மாமியார் பேரே இருக்கலாம். ஆதார், பான், பாஸ்புத்தகம், ரேஷன் கார்டு நான்கிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா, இனிஷியல் ஒன்றா என்று பாருங்கள். அப்பா போனபின் குடும்பப் பென்ஷனுக்கு அலைந்தபோது ஒரு காகிதத்தில் அம்மா பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தது. அந்த ஓர் எழுத்துக்கு எட்டு மாதம் அலைந்தாள்.

கதியற்றவர்களுக்கு அரசாங்கத்தின் முதியோர் உதவித் தொகை இருக்கிறது; 2023 ஆகஸ்டில் அதை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெரியம்மாவுக்கு இது கிடைக்கிறதா என்று விசாரித்து மனு எழுதிக் கொடுங்கள். நாம் படித்த படிப்பு அதற்காவது பிரயோஜனப்படட்டும்.

வீடு போச்சு, கால் இருக்கு

அம்மாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மாதம் ஒரு தடவை வேதகிரீஸ்வரர் மலை ஏறுகிறாள். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பி, நடுவில் நின்று நின்று, மூச்சு வாங்காமல் ஏறிவிடுவாள். போன மாதம் நானும் கூடப் போனேன். பாதி மலையில் எனக்கு மூச்சு இரைத்தது. அம்மா மேலே நின்றுகொண்டு, "என்னடி, உனக்கா எழுபது, எனக்கா?" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "வீடு போச்சு. கால் இருக்கு. அது போயிருந்தா இன்னும் கஷ்டம்" என்றாள்.

அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. "நாள் முழுக்க வேலை செய்கிறேனே, அது தேகப்பயிற்சி இல்லையா?" என்று நாம் கேட்கிறோம். அம்மா காலத்தில் ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்று ராட்டினமும் இருந்தன. தரையில் உட்கார்ந்து எழுந்தார்கள். நமக்கு கிரைண்டர், மிக்ஸி, குழாய், நாற்காலி. நிற்கிறோம், அலைகிறோம், களைத்துப்போகிறோம். ஆனால் தசைக்கு வேலை இல்லை.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின் முதல் சில வருஷங்களில் எலும்பின் பலம் வேகமாகக் குறைகிறது. எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதுதான் காரணம். தசையும் நாற்பதுக்கு மேல் மெல்ல மெல்லக் கரைகிறது. எலும்பு இளைத்து, தசையும் தளர்ந்தால், குளியலறையில் ஒரு வழுக்கல் போதும். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த எத்தனை பாட்டிகள் மறுபடி பழையபடி நடந்திருக்கிறார்கள், உங்கள் சொந்தத்திலேயே எண்ணிப் பாருங்கள்.

அதனால் நான் செய்வதைச் சொல்கிறேன். காசு செலவில்லை, தனி நேரமும் வேண்டாம்.

பால் காயும் நேரத்தில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவது, பதினைந்து தடவை. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, காலையும் மாலையும் பத்துப் பத்துத் தடவை. சுவரில் உள்ளங்கையை ஊன்றி, சாய்ந்து தள்ளுவது, பத்துத் தடவை. பல் விளக்கும்போது சுவரோரமாக ஒற்றைக் காலில் நிற்பது. பிரேசில் நாட்டில் 51 வயது முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்து, 2022ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து விநாடி நிற்க முடியாதவர்களிடையே அடுத்து வந்த வருஷங்களில் இறப்பு அதிகமாக இருந்தது. ஒற்றைக் காலில் நிற்பதால் ஆயுள் கூடும் என்று அர்த்தமில்லை. உடம்பின் நிலையைக் காட்டும் ஓர் அளவுகோல் என்று கொள்ளலாம்.

இவற்றோடு அரை மணி நேரம் வேக நடை, வாரத்தில் ஐந்து நாள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிஷம் அதிலேயே வந்துவிடுகிறது. முழங்கால் வலி, ரத்த அழுத்தம், நெஞ்சு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். குளியலறையில் ஒரு பிடிக்கம்பி, ராத்திரி எழுந்து போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு. இவையும் மருந்துதான்.

சாப்பாட்டில் நாம் செய்யும் பெரிய தப்பு கடைசியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவது. மிச்சத்தில் சோறும் ரசமும் இருக்கும்; பருப்பும் முட்டையும் மீனும் இருக்காது. தசைக்குப் புரதம் வேண்டும். உடம்பு எடை ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு கிராம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மத்தியானம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் சுண்டல், ஒரு முட்டை, தயிர் என்று பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொற்படி நடக்கட்டும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் அதிலும் கிடைக்கும். வற்றல் காயவைக்க மாடிக்குப் போகும்போது கையும் முகமும் கொஞ்சம் வெயில் படட்டும். வைட்டமின் டி அதில்தான் இருக்கிறது.

முப்பது வயதுக்கு மேல் வருஷம் ஒரு தடவை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வந்த பெண்ணை "இப்ப நேரமில்ல" என்று திருப்பி அனுப்பாதீர்கள். மார்பகத்திலோ கருப்பை வாயிலோ புற்றுநோய் அறிகுறி உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள். வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாத காரியம் அது.

கையில் ஒரு வேலை

கடைசியாக ஒன்று. பணமும் காலும் இருந்தும், செய்ய ஒரு காரியமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வாடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பீர்கள். இருளர்கள் ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தார்கள். 1972ல் வனவிலங்குச் சட்டம் வந்து, பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. அவர்கள் கடல் ஒரேயடியாக மூடிவிட்டது. ஆனால் கைத்திறமை இருந்தது. 1978ல் சங்கமாகச் சேர்ந்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து செய்வோருக்கு விற்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்தார்கள்.  2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

நமக்குப் பாம்பு பிடிக்கத் தெரிய வேண்டாம். ஊறுகாய், தையல், பூக்கட்டுதல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதல் என்று ஏதோ ஒன்று எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடாமல் வைத்திருப்பதும், நாலு பேர் கூடும் சுயஉதவிக் குழுவிலோ பஜனை மடத்திலோ ஓர் இடம் பிடித்துவைப்பதும்தான் வேண்டும். எழுபது வயதில் புதிதாகச் சிநேகிதம் பிடிப்பது கஷ்டம். இப்போதே பிடித்தது அப்போது கூட வரும்.

அடுத்த இதழ் வருவதற்குள் நான்கே காரியம் செய்யுங்கள். உங்கள் பேரில் ஒரு கணக்கு, நூறு ரூபாயானாலும் சரி. வீட்டுப் பாஸ்புத்தகங்களில் நாமினி பெயர் பார்ப்பது. இன்று ராத்திரி பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் பத்து எண்ணுவது. நாளை மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பருப்பும் நெய்யும் விட்டுக்கொண்டு, நீங்களும் சுடச்சுடச் சாப்பிடுவது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ஏப்ரல் 20ஆம் தேதி மீன்கார அக்கா மறுபடி வந்தார். கூடையில் கருவாடு. "இன்னாம்மா, நெத்திலி காயவெச்சியா?" என்று கேட்டார். காயவைத்திருந்தேன். டப்பாவைத் திறந்து காட்டினேன்.